நியூயார்க்கில் வீடில்லாதவர்களுக்கான கிறிஸ்தவ மிஷனில் நாங்கள் வாலண்டியராகப் போகலாமா?

கேள்வியின் சுருக்கம்: நியூஜெர்சிக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. மான்ஹாட்டனில் நடைபாதையில் படுத்திருப்பவர்களைப் பார்த்து மனசு கேட்கவில்லை. நவம்பரில் வரும் தேங்க்ஸ்கிவிங் பண்டிகை அன்று மனைவி, பத்து வயது மகளோடு ஒரு கிறிஸ்தவ மிஷனுக்குப் போய்ச் சாப்பாடு பரிமாறலாம் என்றிருக்கிறோம். நாங்கள் இந்துக்கள், சைவம். சேர்த்துக்கொள்வார்களா? மதம் மாற்றப் பார்ப்பார்களா? எச்-1பி வேலை விசாவில் இதையெல்லாம் செய்யலாமா? பேசாமல் பணமாகக் கொடுத்துவிடுவதே மேலா?

கொரோனா காலம் நீங்கலாக, ஒன்பது வருடமாக மாதத்துக்கு இரண்டு சனிக்கிழமை மான்ஹாட்டனில் ஒரு மிஷன் சமையலறைக்குப் போய்வருகிறேன். நானும் சைவம்தான். நெற்றியில் திருநீறு இருக்கும். இதுவரை யாரும் அழிக்கச் சொன்னதில்லை. "அது சாம்பல் புதனா?" (கிறிஸ்தவர்கள் நெற்றியில் சாம்பல் பூசிக்கொள்ளும் நாள்) என்று ஒருவர் கேட்டார், அவ்வளவுதான்.

நேராகப் பதிலுக்கு வருகிறேன். சேர்த்துக்கொள்வார்கள். ஆனால் தேங்க்ஸ்கிவிங் அன்று போகாதீர்கள்.

அன்றைக்கு ஊரே கரண்டி பிடிக்க வந்து நிற்கும். அந்த நாளுக்கான இடங்கள் பல வாரங்களுக்கு முன்பே நிரம்பிவிடும். ஒரே கம்பெனி டீ-ஷர்ட்டில் இருபது பேர் வருவார்கள், வாசலில் நின்று குரூப் போட்டோ எடுப்பார்கள். ஒரு வருடம் எங்கள் வரிசையில் கிரேவி ஊற்ற ஒருவர், அவர் பக்கத்தில் நின்று சிரிக்க ஒருவர் என்று இருந்தது. சாப்பிட வருகிறவர்களும் அன்றைக்குக் காலையிலிருந்து மூன்று இடத்தில் வான்கோழி சாப்பிட்டிருப்பார்கள். "இன்னைக்கு என்னைச் சாப்பிடச் சொல்லாதீங்க, காபி மட்டும் குடுங்க" என்று ஒரு பெரியவர் வயிற்றைத் தடவிக்கொண்டு சொன்னார்.

அதே இடத்துக்கு ஒரு பிப்ரவரி செவ்வாய்க்கிழமை லீவு போட்டுவிட்டுப் போனேன். வெளியே பனி கொட்டுகிறது. நூற்றைம்பது பேருக்கு மேல் மதியச் சாப்பாட்டுக்குக் காத்திருக்கிறார்கள். வாலண்டியர் நானும் ஓய்வுபெற்ற ஒரு பள்ளி ஆசிரியையும் மட்டும். இருவருமாக ஒரு மூட்டை வெங்காயம் உரித்தோம். அன்றைக்குத்தான் இந்த இடத்துக்கு ஆள் எப்போது தேவை என்பது எனக்குப் புரிந்தது. ஜனவரி, பிப்ரவரியில் குளிர் கொல்லும், கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு நன்கொடையும் வற்றிவிடும். ஜூலை, ஆகஸ்டிலும் அதே கதை, குளிருக்குப் பதிலாக வெயில். நவம்பர் ஆசையை மூன்று மாதம் தள்ளிப்போட்டு, மாதம் ஒருமுறை வருகிறேன் என்று சொல்லிப்பாருங்கள். வாலண்டியர்களைப் பார்த்துக்கொள்பவரின் குரலே மாறிவிடும்.

சரி, மிஷன் என்றால் என்ன என்பதைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். மதம் பற்றிய உங்கள் கேள்விக்குப் பதில் அந்தக் கதைக்குள்தான் இருக்கிறது.

ஜெர்ரி மெக்காலி என்று ஒருவர். அயர்லாந்தில் பிறந்து சிறு வயதில் நியூயார்க் வந்தவர். ராத்திரியில் ஆற்றில் நிற்கும் படகுகளில் திருடுவது தொழில், கூடவே குடி. 19 வயதில் 15 வருடத் தண்டனையோடு சிங் சிங் சிறைக்குப் போனார். அங்கே மனம் மாறி, 1864-ல் மன்னிப்பில் வெளியே வந்தார். வந்ததும் மறுபடி குடியில் விழுந்தார், மறுபடி எழுந்தார். 1872-ல் மனைவி மரியாவோடு கீழ் மான்ஹாட்டனில், 316 வாட்டர் ஸ்ட்ரீட்டில், குடிகாரர்களும் வீடில்லாதவர்களும் வந்து உட்கார ஓர் இடம் திறந்தார். அமெரிக்காவின் 'ரெஸ்க்யூ மிஷன்' என்ற வகையே அங்கிருந்துதான் தொடங்குகிறது. அதற்கு ஐந்து வருடம் முன்னால், 1867-ல், வடலூரில் வள்ளலார் தருமச்சாலை அடுப்பை மூட்டியிருந்தார். ஏறக்குறைய ஒரே காலத்தில் உலகத்தின் இரண்டு மூலைகளில் இரண்டு அடுப்புகள். ஆனால் வித்தியாசம் உண்டு. வடலூரில் பசி ஒன்றுதான் தகுதி. வாட்டர் ஸ்ட்ரீட்டில் சோறு ஒரு வாசல். உள்ளே போனால் ஜெபம் இருந்தது, குடியை விட்டவர்கள் எழுந்து நின்று தங்கள் கதையைச் சொன்னார்கள். விழுந்து எழுந்தவன்தான் விழுந்து கிடப்பவனைத் தூக்க முடியும் என்பது அவர்கள் நம்பிக்கை. இன்றைக்கும் பல மிஷன்களில் சமையலறையை நடத்துவது அங்கேயே தங்கிக் குடியையோ போதையையோ விட்டுக்கொண்டிருக்கும் ஆட்கள்தான்.

அடுத்து 1879-ல் வந்தது பவரி மிஷன். 1909 முதல் கீழ் மான்ஹாட்டனில் பவரி என்ற தெருவில், 227-ம் எண்ணில் இருக்கிறது. அது முன்பு சவப்பெட்டி செய்த கட்டடம் என்பார்கள். அதே 1909 டிசம்பரில் அமெரிக்க ஜனாதிபதி டாஃப்ட் அங்கே வந்து வீடற்ற மனிதர்கள் முன் பேசினார். இந்த மிஷனை நொடித்துப்போகாமல் எடுத்து நடத்தியவர் லூயிஸ் க்ளாப்ஷ். 'கிறிஸ்டியன் ஹெரால்ட்' பத்திரிகையின் ஆசிரியர். பைபிளில் இயேசுவின் வார்த்தைகளை மட்டும் சிவப்பு மையில் அச்சடிக்கும் வழக்கத்தைக் கொண்டுவந்தவரும் அவரே. நமக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1897, 1900 இந்தியப் பஞ்சங்களின்போது அந்தப் பத்திரிகை தன் வாசகர்களிடம் பணமும் சோளமும் திரட்டி இந்தியாவுக்கு அனுப்பியது.

சால்வேஷன் ஆர்மி, நம் ஊரில் இரட்சணிய சேனை, தனி மரபு. வில்லியம் பூத் 1865-ல் லண்டன் கிழக்குப் பகுதியில் தொடங்கியது. டிசம்பரில் கடை வாசலில் மணியடித்துக்கொண்டு சிவப்புச் சட்டியோடு நிற்கிறார்களே, அவர்கள்தான். அந்தச் சட்டி 1891-ல் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கியது. நாகர்கோவில் பக்கத்து ஆட்களுக்கு நான் சொல்லவே வேண்டாம். இரட்சணிய சேனையையும் கேத்தரின் பூத் ஆஸ்பத்திரியையும் தெரியாதவர் அங்கே யார்?

இப்போது மதம். உங்களுக்கு நடப்பது வேறு, சாப்பிட வருகிறவர்களுக்கு நடப்பது வேறு. இரண்டையும் பிரித்துச் சொல்கிறேன்.

உங்களுக்கு ஒன்றும் ஆகாது. சம்பளத்துக்கு வேலை செய்பவர்களிடம் பல மிஷன்கள் விசுவாச அறிக்கையில் கையெழுத்து வாங்கும். வாலண்டியர்களிடம் பெரும்பாலும் கேட்பதில்லை. வேலை தொடங்கும் முன் வட்டமாக நின்று கைகோத்து ஐந்து நிமிடம் ஜெபிப்பார்கள். நான் மனசுக்குள் நமச்சிவாய சொல்லிக்கொள்வேன். முதல் மாதம் ஒருவர் சின்னப் புத்தகம் ஒன்று கொடுத்தார், வாங்கிக்கொண்டேன், அத்தோடு சரி.

சாப்பிட வருகிறவர்கள் விஷயத்தில்தான் எனக்கு மனத்தாங்கல் உண்டு. 'முதலில் பிரசங்கம், அப்புறம் சாப்பாடு' என்பது இந்த மிஷன்களின் பழைய வழக்கம். இப்போது பல இடங்களில் சாப்பல், அதாவது மிஷனுக்குள்ளேயே நடக்கும் ஜெபக் கூட்டம், விருப்பப்பட்டவர்களுக்கு மட்டும்தான். ஆனால் இன்னும் கட்டாயமாக உட்கார வைக்கும் இடங்களும் உண்டு. இன்னோர் ஊரில் (பெயர் வேண்டாம்) அப்படி ஓரிடத்துக்குப் போனேன். கடைசி வரிசையில் ஓர் ஆள், கை நடுங்கிக்கொண்டிருந்தது, கண் முழுக்க சாப்பாட்டு அறைக் கதவின் மேல். நாற்பது நிமிடம். அதற்கப்புறம் நான் அங்கே போகவில்லை.

இதை எங்கள் தலைமைச் சமையல்காரரிடம் ஒருமுறை சொன்னேன். அவரே தெருவிலிருந்து வந்தவர். "நான் சாப்பலில் தூங்கத்தான் உட்கார்ந்தேன், அங்கே சூடாக இருக்கும். பத்தாவது நாள் காதில் ஏதோ விழுந்தது" என்றார். எனக்கு அவரோடு ஒப்புதல் இல்லை. ஆனால் அவர் ஆறு வருடமாகக் குடிக்கவில்லை, அதை வைத்துக்கொண்டு அவரிடம் நான் என்ன வாதாட?

ஆகவே பதிவு செய்யும் முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "சாப்பலுக்கு வராதவருக்கும் சாப்பாடு உண்டா?" பதிலைப் பார்த்து நீங்கள் முடிவு செய்யலாம். மத்திய அரசின் பணத்தை நேரடியாக வாங்கி நடத்தும் சேவையில் வழிபாட்டைக் கட்டாயமாக்கக் கூடாது என்று விதி இருக்கிறது. பல மிஷன்கள் அரசுப் பணமே வேண்டாம் என்று ஒதுங்கி நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

நியூயார்க்கில் இன்னொரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். இங்கே கேட்பவருக்கு நகரம் படுக்கை கொடுத்தாக வேண்டும். 1979-ல் ராபர்ட் ஹேய்ஸ் என்ற இளம் வக்கீல், பவரிப் பகுதியில் வீடில்லாமல் இருந்த ராபர்ட் காலஹன் முதலானவர்களுக்காக வழக்குப் போட்டார். 1981-ல் உடன்பாட்டுத் தீர்ப்பு வந்தது. காலஹன் அதன் பலனை அனுபவிக்கவில்லை, தெருவிலேயே செத்துப்போனார். அப்படி உரிமை இருந்தும் ஏன் சப்வேயில் படுக்கிறார்கள் என்று எல்லோரும் கேட்பார்கள். நானும் கேட்டிருக்கிறேன். நகரம் தரும் பெரிய ஷெல்டரில் (தங்குமிடத்தில்) ஷூவைத் தலைக்கு அடியில் வைத்துக்கொண்டு தூங்க வேண்டும், பை களவு போகும், அடிதடி நடக்கும் என்பார்கள். அதற்கு 'ஈ' (E) என்ற சப்வே ரயில் தேவலை. அந்தத் தடம் முழுக்கத் தரைக்கு அடியிலேயே ஓடுவதால் குளிர் ஏறாது, கடைசி ஸ்டேஷன் வரை போய்த் திரும்பி வரலாம். இப்படி ரயிலில் இரவைக் கழித்துவிட்டு, காலையில் குளிக்கவும் துணி மாற்றவும் ஒரு வாய் சூடாகச் சாப்பிடவும் வருகிறவர்கள்தான் மிஷனில் நீங்கள் பார்க்கப்போகிறவர்களில் பாதிப் பேர். நாடு முழுக்க 2024 ஜனவரியில் ஒரே இரவில் எடுத்த கணக்கில் வீடில்லாதவர்கள் 7,71,480 பேர். அதற்கு முந்தைய வருடத்தைவிட 18 சதவீதம் அதிகம்.

மிஷன்கள் மேல் ஒரு விமர்சனமும் உண்டு. முதலில் குடியை விடு, ஒழுங்குக்கு வா, அப்புறம் வீடு என்பது மிஷன் வழி. முதலில் வீட்டைக் கொடு, மற்றதெல்லாம் அப்புறம் என்பது 'ஹவுசிங் ஃபர்ஸ்ட்'. சாம் செம்பரிஸ் என்ற உளவியலாளர் 1992-ல் இதே நியூயார்க்கில் தொடங்கிவைத்தது. கிடைத்த வீட்டில் நிலைத்து இருப்பது என்று பார்த்தால் இரண்டாவது வழிக்குத்தான் ஆய்வுகள் சாதகமாக இருக்கின்றன. என் கட்சியும் அதுதான். ஆனால் வீட்டுக்கான வரிசை வருடக்கணக்கில் நீளும்போது, அதுவரை மதியம் பன்னிரண்டு மணிக்கு யாராவது சூப் ஊற்றித்தானே ஆக வேண்டும்?

அங்கே வேலை என்ன என்பதையும் சொல்லிவிடுகிறேன். பரிமாறுவது ஒரு மணி நேரம்தான். மிச்சமெல்லாம் நறுக்குவது, தட்டு கழுவுவது, மேசை துடைப்பது, நன்கொடைத் துணியைப் பிரிப்பது. பாதி உடைந்த ஜிப்போடு கோட்டுகள் மூட்டை மூட்டையாக வரும். நம் வீட்டு குப்பையைத் தர்மக் கணக்கில் எழுதுவது எல்லா ஊரிலும் உள்ள பழக்கம்தான். வான்கோழியைத் தொட முடியாது என்று நான் முதல் நாளே சொல்லிவிட்டேன். "அப்போ சாலட்" என்று காய்கறிப் பக்கம் நிறுத்திவிட்டார்கள். அதில் யாருக்கும் வருத்தமில்லை.

அங்கே சாப்பிட வருகிறவரைக் 'கெஸ்ட்' என்றுதான் சொல்லுவார்கள். முதலில் எனக்கு இது நாடகமாகப்பட்டது. பிறகு ஒரு சனிக்கிழமை பழத் தட்டில் நின்றேன். ஆளுக்கு ஓர் ஆப்பிள் எடுத்து வைக்கச் சொல்லியிருந்தார்கள். பளபளவென்று சிவப்பு ஆப்பிள். சாப்பாடு முடிந்து மேசை துடைக்கப் போனால், மேசைக்கு மேசை கடிக்காத ஆப்பிள். எனக்குக் கோபம். இலவசமாகக் கொடுத்தால் இப்படித்தான் என்று நினைத்தேன். கூட வேலை செய்தவர் ஒன்றும் பேசாமல் தன் மேலுதட்டைத் தூக்கிக் காட்டினார், முன்பல் நான்கும் இல்லை. தெருவில் இருப்பவருக்கு முதலில் போவது பல்தான். பல் வைத்தியர் ஏது? அதற்கப்புறம் எங்கள் சமையலறையில் ஆப்பிள் வந்தால் மெல்லிசாக நறுக்கி, பட்டைப் பொடி போட்டு வேகவைத்துவிடுகிறோம். வாழைப்பழம் வந்தால் கவலையே இல்லை. இரண்டாகக் கேட்பார்கள், ஒன்று கோட்டுப் பைக்குள் போகும்.

பரிமாறும்போது தட்டில் போடுவதற்கு முன் "பீன்ஸ் வேணுமா?" என்று கேளுங்கள். காலையிலிருந்து போலீஸ், செக்யூரிட்டி, காபிக் கடைக்காரர் என்று எல்லோரும் அந்த ஆளிடம் நகரு, எழுந்திரு என்று மட்டும்தான் சொல்லியிருப்பார்கள். வேண்டாம் என்று சொல்ல அன்றைக்குக் கிடைக்கும் ஒரே வாய்ப்பு அந்த பீன்ஸாக இருக்கலாம். சிலர் வேண்டுமென்றே வேண்டாம் என்பார்கள், ஒரு நிமிடம் கழித்து வந்து கேட்டு வாங்கிப்போவார்கள். நம் பந்தியில் இலையில் இருக்கும் இடமெல்லாம் கேட்காமல் வைத்து அமுக்குவது நமக்கு உபசாரம். இங்கே அது எடுபடாது. எனக்குக் கை பழக ஆறு மாதம் ஆனது.

வீட்டில் சமைத்துக் கொண்டுபோவதைப் பற்றி என் முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். முதல் வருடம் மனைவியை விடிகாலை நான்கு மணிக்கு எழுப்பி, இரண்டு பெரிய அலுமினிய டிரே நிறைய வெஜிடபிள் பிரியாணி செய்துகொண்டு போனேன். வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். வீட்டுச் சமையலறையில் செய்தது, எந்தச் சூட்டில் இருந்தது தெரியாது, யாருக்கு என்ன அலர்ஜி தெரியாது. 1996-ல் வந்த பில் எமர்சன் சட்டம் நல்ல எண்ணத்தோடு உணவு கொடுப்பவரை வழக்கிலிருந்து காப்பாற்றும். ஆனால் சட்டம் காப்பாற்றுகிறது என்பதற்காக மிஷன் வாங்கியாக வேண்டும் என்றில்லை. அன்று அந்தப் பிரியாணி அக்கம்பக்கத்து நம்ம ஆட்கள் வீட்டுக்கெல்லாம் போனது. மனைவி இன்றைக்கும் சொல்லிக்காட்டுவாள். உங்கள் தமிழ்ச் சங்கம் சாப்பாடு தர விரும்பினால் லைசன்ஸ் உள்ள ரெஸ்டாரண்ட் மூலம், முன்கூட்டியே பேசி, காரம் குறைத்துக் கொடுங்கள். பல் இல்லாதவர்கள் என்று சொன்னேனே, தயிர் சாதம் நன்றாகப் போகும். பிஸ்கெட், முறுக்கு வேண்டவே வேண்டாம்.

பொருளாகக் கொடுப்பதென்றால் புது சாக்ஸ். எல்லோரும் கேட்பதும் யாரும் பழசாகக் கொடுக்க முடியாததும் அதுதான். பனியில் நனைந்த சாக்ஸோடு இரண்டு நாள் நடந்தால் கால் என்ன ஆகும் என்பதை ஒருமுறை பார்த்தேன், எழுத மனமில்லை. தடித்த, கறுப்பு, பெரிய சைஸ். அப்புறம் ஆண்கள் உள்ளாடை, கைவிரல் உறை, பெண்களுக்கு நாப்கின். இதெல்லாம் எப்போதும் தட்டுப்பாடு.

பணம் மேலா என்றால், ஆமாம், கணக்குப் பார்த்தால் மேல்தான். மிஷன் மொத்த விலையில் வாங்கும், அவர்களுக்கு எது குறைகிறது என்று அவர்களுக்குத் தெரியும். ஆனால் கொடுக்கும் முன் இரண்டு விஷயம் பாருங்கள். ஒன்று, ஃபாரம் 990 எனும் வருடாந்திரக் கணக்கு. வரிவிலக்கு பெற்ற பெரும்பாலான அமைப்புகள் தாக்கல் செய்யும், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். சர்ச் என்ற வகையில் வரும் மிஷன்களுக்கு அது கட்டாயமில்லை. அப்படிப்பட்ட இடத்தில் தணிக்கை அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள், தயங்கினால் நானாக இருந்தால் கொடுக்கமாட்டேன். இரண்டு, உங்கள் கம்பெனி நாம் கொடுப்பதற்குச் சமமாகக் கொடுக்குமா என்பது. சில கம்பெனிகள் மத அமைப்புகளுக்குக் கொடுப்பதில்லை, எச்.ஆரிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள். வாலண்டியர் மணி நேரத்துக்கும் பணம் தரும் கம்பெனிகள் உண்டு, அதையும் விடாதீர்கள்.

விசா. வழக்கமாக எல்லோரும் சும்மா செய்யும் தொண்டு வேலையைச் சும்மா செய்தால் எச்-1பிக்கும், குடும்பத்தினருக்கான எச்-4க்கும் பொதுவாகப் பிரச்சினை இல்லை. காய் நறுக்குவது, பரிமாறுவது அந்த வகை. சம்பளம் கொடுத்து ஆள் வைக்கும் வேலையை, உதாரணமாக அவர்களுடைய சாஃப்ட்வேரை வாராவாரம் எழுதித் தருவதை, இலவசமாகச் செய்வதாகச் சொல்லாதீர்கள். பரிசு கூப்பன், வழிச்செலவு என்று ஏதாவது கொடுத்தால் வாங்காதீர்கள். சந்தேகமிருந்தால் கம்பெனி இமிக்ரேஷன் வக்கீலுக்கு ஒரு மெயில் போதும்.

மகளைப் பற்றி: பத்து வயதுக்குச் சமையலறையில் பெரும்பாலும் அனுமதி இல்லை. ஒவ்வோர் இடத்திலும் வயது வரம்பு வேறு. ஆனால் சோப்பு, பிரஷ், சாக்ஸ் எல்லாம் போட்டுப் பை கட்டும் வேலையைக் குழந்தைகளுக்குக் கொடுப்பார்கள், வீட்டிலிருந்தே செய்து அனுப்பலாம். பைக்குள் ஒரு வரி எழுதிப் போடச் சொல்லுங்கள். என் பையன் சின்ன வயதில் டைனோசர் வரைந்து போட்டான். வாங்கிய ஒருவர் அதை மடித்துத் தொப்பிக்குள் வைத்துக்கொண்டதை நானே பார்த்தேன்.

முதல் நாளைக்கு மூடிய ஷூ போடுங்கள், வழுக்காத அடிப்பாகமாக. உங்கள் மனைவி தலைமுடியைக் கட்டிக்கொள்ளட்டும், வலைத்தொப்பி அவர்களே தருவார்கள். கோட்டையும் பையையும் கெஸ்ட்களின் பைகளோடு சேர்த்து வைக்காதீர்கள், மூட்டைப்பூச்சி வீட்டுக்கு வரும். இதைச் சொன்னால் மனசு புண்படும் என்று யாரும் உங்களிடம் சொல்லமாட்டார்கள், நான் சொல்கிறேன். போன் பாக்கெட்டிலேயே இருக்கட்டும், சாப்பிடுகிறவர்களைப் போட்டோ எடுக்கவே கூடாது. தெருவுக்கு வந்த கதையைக் கேட்காதீர்கள். பேஸ்பால் பற்றிக் கேளுங்கள், நிறுத்தாமல் பேசுவார்கள். யாராவது கத்தினால் ஒரு அடி பின்னால் வந்து அங்கே வேலை செய்பவரைக் கூப்பிடுங்கள், நீங்கள் சமாதானம் பண்ணப் போகாதீர்கள்.

சனிக்கிழமை போவதென்றால் அரை மணி முன்னதாகவே கிளம்புங்கள். வார இறுதியில் சப்வே எந்தத் தடத்தில் ஓடும் என்று அந்த ரயிலுக்கே தெரியாது.